பேனல் கதவுக்கு ஷேப்பர் கட்டர் வாங்கும் முன்

கேள்வி இது: மார்த்தாண்டம் பக்கம் ஒரு மரப் பட்டறை. 3 எச்.பி. ஸ்பிண்டில் மெஷின் (ஷேப்பர்), 30 மி.மீ. தண்டு, நிமிடத்துக்கு 6000, 8000, 10000 சுற்று என்று மூன்று வேகம். பலகையைத் தானே தள்ளிக் கொடுக்கும் பவர் ஃபீடர் கிடையாது. தேக்கு, அயினி, மகாகனியில் கிச்சன் கபோர்டுக்கு மேடு வைத்த பேனல் கதவு செய்ய வேண்டும். ஆன்லைனில் ஒன்றேகால் இஞ்ச் துளை வைத்த அமெரிக்க வகை செட் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, இரண்டு பல் போதுமா மூன்று பல் வேண்டுமா, எந்த டிசைன் நல்லது?

அந்த செட்டை இப்படியே வாங்க வேண்டாம். ஒன்றேகால் இஞ்ச் என்றால் 31.75 மி.மீ. உங்கள் தண்டு 30. இடையில் 1.75 மி.மீ. ஆட்டம். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் உட்காரும். ஒதுங்கினால் ஒரு பல் முக்கால் மில்லிக்கு மேல் வெளியே நிற்கும், எதிர்ப் பக்கம் அதே அளவு உள்ளே போய்விடும். மூன்று பல் கட்டர் வாங்கிவிட்டு ஒரே பல்லில் வெட்டுகிற கதை அது. மரத்தில் அலை அலையாகத் தடம் விழும், தண்டு அதிரும், பேரிங் சீக்கிரம் போகும். தகடு சுற்றி, பேப்பர் சுற்றி ஆட்டத்தை அடைக்கிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஏழெட்டாயிரம் சுற்றில் ஓடுகிற ஒன்றரைக் கிலோ இரும்புக்கு அந்த வேலை ஆகாது. அந்த செட்டேதான் வேண்டும் என்றால், 31.75-க்கு வெளிவிட்டம், 30-க்கு உள்விட்டம் வைத்து, காலர் உள்ள எஃகு புஷ் கட்டரோடு சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். சுவர் கனம் ஒரு மில்லிகூட இல்லாத புஷ் அது. லேத்தில் கடைந்து வாங்குவதானால் இழுபடாமல், கையால் தள்ளினால் வழுக்கிப் போகிற அளவுக்குக் கடைய ஆள் வேண்டும். அதைவிட 30 மி.மீ. துளை வைத்த ஐரோப்பிய வகை செட்டை வாங்குவது எளிது. 25 மி.மீ. தண்டில் 25.4 துளை கட்டரைப் போடுவதும் இதே தப்புதான். அளவு சின்னது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, எதை முதலில் வாங்குவது. கேட்லாக்கில் கண்ணைப் பிடிப்பது பேனல் கட்டர். எல்லாரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். சட்டத்துக்கான ஜோடிதான் முதல். நெடுஞ்சட்டத்தின் உள்விளிம்பில் டிசைனும், பேனல் நுழைகிற பள்ளமான காடியும் போடும் கட்டர் ஒன்று, குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்கு எதிர் வடிவத்தை வெட்டும் கோப் கட்டர் ஒன்று. காடி எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், காடிக்குப் பின்னால் எவ்வளவு கட்டை நிற்கிறது என்பதெல்லாம் இந்த ஜோடி முடிவு செய்வது. பேனல் அதற்குள் போய் உட்காருகிற பொருள். சட்டம் தெரியாமல் பேனல் கட்டர் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இழைத்த பின் சட்டம் 20 மி.மீ. கனம். காடி இரண்டு நூல், அதாவது 6.35 மி.மீ. காடிக்குப் பின்னால் 5.5 மி.மீ. கட்டை. பேனலுக்கு 19 மி.மீ. பலகை எடுத்து, முன்பக்கம் மட்டும் சரிவு வெட்டி, பின்பக்கத்தைத் தட்டையாக விட்டால், பேனலின் பின்முகம் காடியின் பின்சுவரில் போய் நிற்கும். அங்கிருந்து 19 மி.மீ. முன்னால் வந்தால் 5.5-ஐயும் கூட்டி 24.5. சட்டம் 20தான். பேனல் நாலரை மில்லி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கதவைப் பார்த்ததும் 'ஏதோ சரியில்லை' என்று வீட்டுக்காரர் சொல்வார். எது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. இதற்கு இரண்டே வழி. ஒன்று, பேனலை 14 மி.மீ. ஆக இழைத்துக்கொள்வது, அப்போது 19.5-ல் சட்டத்தோடு ஏறக்குறைய மட்டமாக நிற்கும். சரிவின் ஆழம் 8 மி.மீ.க்குள் முடிகிற டிசைன்தான் இதற்குப் பொருந்தும், ஏனென்றால் காடிக்குள் நுழைகிற விளிம்பான நாக்குக்கு 6 மி.மீ. மீதி வேண்டும். இன்னொன்று, பின்பக்கத்தையும் ஐந்து மில்லிக்கு மேல் சீவும் பேக் கட்டரைச் சேர்த்து வாங்கி, 19 மி.மீ. பலகையை அப்படியே ஓட்டுவது.

இந்தப் பக்கம் ஏராளமாகக் கிடைக்கிற 18 மி.மீ. ரப்பர் மர ஜாயின்ட் பலகையில் பெயின்ட் அடிக்கிற கதவு செய்வதாக இருந்தால் பேக் கட்டர் இல்லாமல் நடக்காது. அந்தப் பலகையில் சரிவு வெட்டும்போது விரல் கோர்த்தது மாதிரியான ஒட்டுகள் சரிவில் நிறம் மாறித் தெரியும். பெயின்ட் என்றால் கவலையில்லை, பாலிஷ் என்றால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

பேக் கட்டரில் இன்னொரு லாபம் உண்டு. முன் கட்டருக்கும் பின் கட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நாக்கின் கனம். பலகை அரை மில்லி கூடக் குறைய இருந்தாலும் நாக்கு மாறாது. பேக் கட்டர் இல்லாமல் பேனலைக் கவிழ்த்துப் போட்டு, கட்டர் கீழிருந்து வெட்டினால், பலகைக் கனத்தில் வருகிற வித்தியாசம் அப்படியே நாக்குக்குப் போகும். ஒன்று காடியில் நுழையாது, இன்னொன்று கடகடவென்று ஆடும். பேனலை மல்லாக்கப் போட்டு, கட்டர் மேலிருந்து வெட்டினால் நாக்கு சரியாக இருக்கும். ஆனால் பலகை துளி மேலே எழும்பினாலும் கட்டருக்குள் ஏறிவிடும், முகத்தில் பள்ளம் விழும், பேனல் போச்சு. கீழிருந்து வெட்டும்போது பலகை எழும்பினால் வெட்டு குறைவாக விழும், அவ்வளவுதான். திரும்ப ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். கட்டரும் பலகைக்கு அடியில் மறைந்திருக்கும். பவர் ஃபீடர் இல்லாத பட்டறைக்கு இதுவே நல்லது. திக்னஸ் பிளேனரில் பலகைகளை ஒரே கனத்துக்கு இழைத்துக்கொண்டு கவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள்.

கட்டரைக் கவிழ்த்துப் போட்டால் சுழலும் திசையும் மாற வேண்டும், பலகையைத் தள்ளும் திசையும் மாறும். வாங்குமுன் உங்கள் மெஷினில் ரிவர்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். திரீ ஃபேஸ் மோட்டார் என்றால் இரண்டு வயரை மாற்றினால் முடிந்தது. திசை மாறும்போது நட்டு தானாகக் கழலப் பார்க்கும். தண்டில் சாவி வெட்டு இருந்து, அதில் பொருந்தும் வாஷர் நட்டுக்கு அடியில் இருந்தால்தான் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். எப்போதும் கட்டரின் சுழற்சிக்கு எதிராகவே பலகையைத் தள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் திசை மாற்றின அன்றைக்குத்தான் பழக்க தோஷத்தில் பழைய பக்கத்திலிருந்தே தள்ளுவார்கள். மேஜையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது.

விட்டமும் வேகமும். பேனல் சரிவு ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. தண்டில் ஏறும் 6006 பேரிங்கின் வெளிவிட்டம் 55 மி.மீ. வளைவுக் கதவுக்கு இந்த பேரிங்கை வழிகாட்டியாக வைத்தால், இருபுறமும் 38 சேர்த்துக் கட்டர் 131 மி.மீ. ஆகிறது. 131 மி.மீ. கட்டரின் பல் நுனி 6000 சுற்றில் நொடிக்கு 41 மீட்டர் வேகத்தில் போகும். 8000-ல் 55. 10000-ல் 68க்கு மேல். கையால் தள்ளும்போது இந்த அளவுக் கட்டரை 6000-ல் ஓட்டுங்கள். 8000 வரைக்கும் போகலாம், ஆனால் கட்டரின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகம் அதை அனுமதிக்க வேண்டும். 10000 புல்லியை இந்தக் கட்டருக்குத் தொடவே வேண்டாம். 90 மி.மீ. விட்டமுள்ள சட்டக் கட்டரோ 8000-ல் 38 மீட்டர்தான் போகிறது. அதற்கு 8000 சரி, 10000-மும் ஆகும். ஒரே வேகத்தில் இரண்டையும் ஓட்டுகிற சோம்பல்தான் பல இடத்தில் சட்டத்தில் சொரசொரப்பும் பேனலில் அதிர்வும் தருகிறது.

உச்ச வேகம் பொறிக்காத கட்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஐரோப்பிய தரம் இ.என். 847-1 படி செய்த கட்டரில் கையால் தள்ளலாம் என்பதற்கு மேன் என்றும், ஃபீடரில் மட்டும் என்பதற்கு மெக் என்றும் ஆங்கில எழுத்தில் குறி இருக்கும். உங்களுக்கு வேண்டியது மேன். அந்த வகையில் பல்லுக்கு முன்னால் உடம்பே சற்று உயர்ந்து நிற்கும். பல் அதைத் தாண்டி 1.1 மி.மீ.க்கு மேல் நீட்டாது. ஒரு பல் ஒரே நேரத்தில் அதிகமாகக் கடிக்க முடியாது என்பதால் பலகை பிய்த்துக்கொண்டு பின்னால் பாய்வது வெகுவாகக் குறையும். விரலுக்கும் இது நல்லது.

இரண்டு பல்லா, மூன்று பல்லா. 6000 சுற்றில் நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால் இரண்டு பல்லில் ஒரு பல்லுக்கு 0.33 மி.மீ. வரும், மூன்று பல்லில் 0.22. மூன்று பல்லில் முகம் சுத்தமாக இருக்கும், தீட்டுகிற இடைவெளியும் நீளும். ஆகவே மூன்று. ஆனால் அதைவிட முக்கியமானது பல்லின் முன்முகம் சாய்ந்திருக்கும் கோணம். அயினியிலும் பலாவிலும் நார் மாறி மாறி ஓடும். கோணம் 20 டிகிரி வைத்த கட்டர் அந்த நாரைத் தோண்டி எடுத்துவிடும். 10 முதல் 12 டிகிரி போதும். பல் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து சீவுகிற மாதிரி வைத்திருந்தால் அறுத்த முனையில் சிலாம்பு குறைவாக வரும். பேனல் கட்டரில் அந்தச் சாய்வு கட்டாயம் இருக்கட்டும்.

பல்லுக்கு கார்பைடுதான். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. ஹைஸ்பீடு ஸ்டீல் பல்லை அது சீக்கிரமே மழுக்கிவிடும். எம்.டி.எஃப். ஓட்டினாலும் இதே கதை, பசையால். பற்றவைத்த கார்பைடா, கழற்றி மாற்றும் பிளேடா என்பது உங்கள் வேலையின் அளவைப் பொறுத்தது. மாதம் சில கிச்சன் என்றால் பற்றவைத்தது போதும். தினமும் ஒரே டிசைன் ஓடுகிற பட்டறைக்கு மாற்றும் பிளேடு. மழுங்கினால் புதுசு போடலாம், விட்டம் மாறாது, கோப்பும் டிசைனும் பொருந்துவது அப்படியே நிற்கும். பற்றவைத்ததை டைமண்ட் வீலில், பல்லின் முன்முகத்தை மட்டும் தீட்ட வேண்டும். ஜோடியில் ஒன்றை மட்டும் தீட்டக் கொடுக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து, ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று அதிகம் தேய்ந்தால் சட்டம் சேரும் மூலையில் டிசைன் பொருந்தாமல் கோடு தெரியும்.

டிசைன் பற்றிக் கேட்டீர்கள். இது ருசியைப் பொறுத்தது என்றாலும் சமையலறை என்றால் ஒரு வரம்பு இருக்கிறது. ஓஜி என்கிற இரட்டை வளைவில் உள்பள்ளம் ஆழமாக இருக்கும். மீன் பொரிக்கிற வீட்டில் ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் பசையாக உறைந்துவிடும். கோவ் என்கிற ஒற்றைக் குழிவோ, நேர்ச் சரிவோ துணியால் ஒரே இழுப்பில் துடைக்க வரும், எமரி தாள் போடவும் எளிது. கத்தி முனை மாதிரி கூர்மையான விளிம்பு உள்ள டிசைனில் பாலிஷ் நிற்காது, அந்த இடம் முதலில் வெளுக்கும். சட்டத்தின் உள்விளிம்பு எந்தக் குடும்பமோ பேனலும் அதே குடும்பமாக இருக்கட்டும். வரவேற்பறை அலமாரிக்கு ஓஜி போட்டுக்கொள்ளுங்கள்.

சரிவின் அகலத்தை முடிவு செய்யும்போது உங்கள் ஆகச் சின்ன கதவை நினைத்துக்கொள்ளுங்கள். 38 மி.மீ. சரிவு இருபுறமும் 76; நடுவில் மேடு என்று சொல்ல 40 மில்லியாவது வேண்டும். 115-க்குக் கீழே உள்ள பேனலில் மேடு தேய்ந்து கோடாகிவிடும். 150 மி.மீ. உயர டிராயர் முகப்பில் 58 மி.மீ. சட்டம் இரண்டு போக 34தான் மீதி. அங்கே பேனலே கிடையாது. டிராயருக்கு ஒற்றைப் பலகை வைத்து விளிம்பில் மட்டும் டிசைன் ஓட்டுவதுதான் வழி.

450 அகலம், 700 உயரம் உள்ள ஒரு கதவுக்கு அளவு எடுத்துப் பார்ப்போம். சட்டம் 58, காடி ஆழம் 10. குறுக்குச் சட்டத்தின் நீளம் 450-ல் 116 போக 334, அதோடு இரு முனை நாக்குக்கும் 20 கூட்டி 354. பேனலுக்குக் காடியின் அடிவரை கிடைக்கிற அகலமும் இதே 354. உயரம் 604. உயரத்தில் மரம் அசையாது, 602 வெட்டலாம். அகலத்தில்தான் சூட்சுமம். தேக்கு, வளைய வரிகள் முகத்தில் அகலமாகத் தெரிய அறுத்த பலகை என்றால், ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 0.19 சதவீதம் மாறும். ஈரம் 4 சதவீதம் மாறினால் 350 மி.மீ. பேனல் 2.6 மி.மீ. ஏறி இறங்கும். மகாகனி இன்னும் கொஞ்சம் அதிகம். குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. பங்குனி வெயிலில் காய்ந்த பலகையில் செய்கிற பேனல் வீங்கத்தான் போகிறது. 348 வெட்டி, பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விடுங்கள். மழைக்காலத்தில் செய்வது ஏற்கெனவே வீங்கியிருக்கிறது. 351 போதும், அதைவிடக் குறைத்தால் வேனிலில் சுருங்கி நாக்கின் பிடி குறையும்.

பேனலைச் சட்டத்தில் போடுமுன் முழுக்கச் சாயமும் பாலிஷும் அடித்துவிட வேண்டும், நாக்கு உட்பட. மாட்டின பிறகு அடித்தால் வெயில் மாதத்தில் பேனல் சுருங்கும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். பேனலுக்குப் பசை கூடாது. மேல் கீழ்ச் சட்டங்களின் நடுவில், பின்பக்கமிருந்து ஒவ்வொரு சின்ன ஆணி அடித்தால் போதும். பேனல் நடுவில் நின்றுகொண்டு இருபுறமும் அசையும்.

ஓட்டும் முறை. குறுக்குச் சட்டத்தின் முனைகளைத்தான் முதலில் கோப் வெட்ட வேண்டும், பிறகே நெடுக டிசைன். கோப் வெட்டும்போது கட்டர் வெளியேறும் பக்கத்தில் மரம் பிய்யும். பின்னால் ஒரு வீண்கட்டை தாங்கலாக இருக்க வேண்டும். டிசைன் அடுத்து ஓடும்போது மீதிச் சிலாம்பு போய்விடும். 58 மி.மீ. கட்டையைக் கையில் பிடித்து முனை வெட்டுவது விரலைப் பந்தயம் வைக்கிற வேலை. கட்டையை இறுக்கிப் பிடித்துத் தள்ளுகிற, கிளாம்ப் வைத்த ஸ்லெட் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஸ்லெட்டின் அடிப்பலகைக் கனத்தைச் சேர்த்துத்தான் கட்டர் உயரம் வைக்க வேண்டும், அதை மறந்தால் முகங்கள் மேலும் கீழுமாக நிற்கும். இரண்டு துண்டு வீண்கட்டையில் ஓட்டி, கோர்த்து, சேர்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் உயரம் மாற்றுங்கள். நாக்கு காடியில் விரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் பசை வழிந்து வெளியே போய்விடும், தானாக விழுந்தால் பசை பிடிக்காது. செட்டோடு வரும் 0.1 மி.மீ. மெல்லிய தகடுகளான ஷிம்கள் இதற்குத்தான், கவரோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 6 மி.மீ. பிளைவுட் என்று வாங்குவது பெரும்பாலும் 6 இருப்பதில்லை. தட்டைப் பேனல் கதவும் செய்வீர்கள் என்றால், காடிக் கட்டர் இரண்டு துண்டாக வந்து ஷிம் வைத்துக் கூட்டிக் குறைக்கிற வகையாக வாங்குங்கள்.

பேனலில் அறுத்த முனைகள் இரண்டையும் முதலில், நார் ஓடும் பக்கங்களைக் கடைசியில். 3 எச்.பி.யில் முழுச் சரிவையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கப் பார்க்காதீர்கள். பேக் கட்டரும் சேர்ந்தால் மோட்டார் திணறும். பலகை ஒட்டி ஓடும் தடுப்பான ஃபென்ஸை முன்னால் வைத்து மூன்று ஓட்டம்: முதல் இரண்டில் பெரும்பகுதி, கடைசியில் ஒரு மில்லி. கடைசி ஓட்டத்தில் நடுவில் நிற்காமல் தள்ளுங்கள். நின்ற இடத்தில் மகாகனி கருகும், அந்தக் கருப்பு எமரியில் லேசில் போகாது. வளைவுப் பேனலில் ஃபென்ஸ் கிடையாது என்பதால், பலகை உரசி ஓடும் வழிகாட்டி வளையமான காலரில் பெரிய விட்டத்தில் ஆரம்பித்துச் சின்னதற்கு இறங்கி வெட்டின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். கட்டரோடு இரண்டு மூன்று காலர் வாங்குங்கள், நுழையும் இடத்தில் பலகையைச் சாய்த்துக் கொடுக்க மேஜையில் நிற்கும் ஸ்டார்ட்டிங் பின் இல்லாமல் பலகையைக் கொடுக்காதீர்கள். வளைவு இறங்குகிற பக்கத்தில் நார் எதிராக வரும்; சிலாம்பு கிளம்புவது அங்கேதான்.

இந்த மூட்டின் நாக்கு 10 மி.மீ.தான். கபோர்டுக்குப் போதும். ஆள் உயர அலமாரிக் கதவுக்கும், கனமான அயினிக் கதவுக்கும் மூலைக்கு இரண்டு டவல் (உருண்டை மர ஆணி) கூடுதலாக அடியுங்கள். சட்டக் கட்டர் வாங்கும்போதே, நடுவில் டவல் துளைக்கு இடம் விடுகிற டிசைன்தானா என்று பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: துளை 30-ஆ, பொறித்த உச்ச வேகம் எவ்வளவு, மேன் குறி உண்டா, சட்டம் எத்தனை மி.மீ. கனம் வரை, காடிக்குப் பின் கட்டை எவ்வளவு நிற்கும், பேனல் சரிவின் அகலமும் ஆழமும் எவ்வளவு, பேக் கட்டர் அதே செட்டில் கிடைக்குமா. சட்டம், காடி, சரிவு பற்றிய மூன்றுக்கும் மில்லிமீட்டரில் பதில் வராவிட்டால், அந்த டிசைனில் வெட்டின மரத்துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அதை அளந்துவிட்டுப் பணம் போடலாம்.